ஹோட்டல் மெனுவுல நெஞ்செரிச்சல் தராத ஐட்டத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?

நெஞ்செரிச்சல் இருக்கறவங்க வெளிய போனா தயிர் சாதத்தைத் தவிர எதையும் தொடக்கூடாதுன்னு நானும் ரெண்டு வருஷம் நம்பிட்டு இருந்தேன். ஆபீஸ்ல டீம் லஞ்ச்னா ஏதாவது காரணம் சொல்லிட்டுப் போகாம இருந்துடுவேன், தம்பி பொறந்தநாளுக்குக் கூட வீட்லயே சாப்பிட்டுட்டு ஹோட்டலுக்குப் போய் சும்மா உக்காந்திருந்தேன், அது ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. இப்ப மாசம் மூணு தடவையாவது வெளிய சாப்பிடறேன், ராத்திரி தூங்கவும் முடியுது. என்ன பண்ணேன்னு ஒண்ணொண்ணா சொல்றேன். நான் இருக்கறது சென்னை, அதனால இங்க கிடைக்கறதை வெச்சுதான் எழுதறேன்.

1. நேரம்

சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆகணும் படுக்க. பத்தரைக்குப் படுக்கறவங்க ஏழரைக்குள்ள சாப்பிட்டு முடிச்சிருக்கணும். முடியலன்னா மதியமே போயிடுங்க. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மேல போறேன்.

2. காரத்தை மட்டும் பாக்காதீங்க

நான் தப்பு பண்ண இடம் இதுதான். காரம் இல்லாத ஐட்டம் எதுன்னு கேட்டேன், சர்வர் பட்டர் சிக்கன் எடுங்க, இனிப்பாதான் இருக்கும்னாரு, அவர் சொன்னது பொய் இல்ல, நாக்குல ஒரு துளி காரம் இல்ல. ரெண்டு பட்டர் நானோட நல்லா சாப்பிட்டேன். ராத்திரி ஒரு மணிக்குத் தொண்டை வரைக்கும் புளிச்சு எரிஞ்சு எழுந்து உக்காந்தவன் விடியற வரைக்கும் நாற்காலியிலதான் இருந்தேன்.

அப்புறம்தான் புரிஞ்சுது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல ஒரு வளையத் தசை இருக்கு, அது இறுக்கமா மூடியிருந்தா ஆசிட் மேல ஏறாது. கொழுப்பு அதிகமா போனா அந்தத் தசை தளரும், சாப்பாடும் இரைப்பையில ரொம்ப நேரம் தங்கும். தக்காளியும் புளியும் தானே அமிலம், ஏற்கெனவே புண்ணா இருக்கற இடத்துல பட்டா எரியும். மிளகாய்ல இருக்கற காப்சைசின் அந்த இடத்து நரம்பை நேரா தூண்டி விடுது. பட்டர் சிக்கன்ல மிளகாய் கம்மிதான், ஆனா தக்காளி, வெண்ணெய், க்ரீம் மூணும் ஒண்ணா இருக்கு. அதனால மெனுவைப் பாக்கும்போது நாலு கேள்வி: மிளகாய் எவ்வளவு, எண்ணெய் வெண்ணெய் எவ்வளவு, புளிப்பு இருக்கா, பொரிச்சதா. நாலுல ஒண்ணு இருந்தா கொஞ்சமா சாப்பிடுவேன், ரெண்டு இருந்தா தொட மாட்டேன்.

3. கிரேவியோட நிறத்தை நம்பாதீங்க

சிவப்பா இருந்தா காரம், வெள்ளையா இருந்தா மைல்டுன்னு நாம நெனைக்கறோம். காஷ்மீரி மிளகாய் நிறத்துக்காகப் போடறது, அதோட காரம் ஸ்கோவில் அளவுல 1,000லேருந்து 2,000தான், குண்டூர் சன்னம் மிளகாய்க்கு 35,000க்கு மேல போகும். அதனால செக்கச்செவேல்னு இருக்கற ஒண்ணு நாக்குக்குச் சாதாரணமா இருக்கலாம். வெள்ளை குருமாவுல பச்சை மிளகாயைத் தேங்காய், முந்திரியோட சேத்து அரைச்சிருப்பாங்க, கண்ணுக்கே தெரியாது, ஒதுக்கி வைக்கவும் முடியாது.

இன்னொரு விஷயம். நார்த் இண்டியன் கிச்சன்ல பெரும்பாலும் ரெண்டு மூணு கிரேவியைக் காலையிலேயே செஞ்சு வெச்சுடுவாங்க: தக்காளி வெண்ணெய்ல ஒரு சிவப்பு, வெங்காயம் தக்காளி வதக்கி ஒரு பிரவுன், முந்திரி வெங்காயத்துல ஒரு வெள்ளை. மெனுல நாப்பது ஐட்டம் இருந்தாலும் பாதிக்கு மேல இந்த மூணுலேருந்துதான் வருது. அதனால "கொஞ்சம் காரம் கம்மியா பண்ணுங்க"ன்னு சொன்னா அவங்களால மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாது, மேல இன்னும் கொஞ்சம் க்ரீம் ஊத்தித் தருவாங்க. நாக்குக்குக் காரம் கொறையும், நெஞ்சுக்கு இன்னும் மோசம்.

அதனால நான் இப்ப காரம் கம்மின்னே சொல்றதில்ல. இப்படிக் கேக்கறேன்: "அண்ணே, இது ரெடியா இருக்கற கிரேவியா, இல்ல ஆர்டர் சொன்னப்புறம் செய்யறதா?" ஆர்டருக்கப்புறம் செய்யறதுன்னா அதுல மாத்தச் சொல்லலாம். "எனக்கு நெஞ்செரிச்சல் இருக்குண்ணே, பச்சை மிளகாய் வேண்டாம், தாளிப்பு வேண்டாம், மேல வெண்ணெய் வேண்டாம்"னு காரணத்தோட சொல்லுங்க. உடம்புக்கு ஆகாதுன்னு சொன்னா நம்ம ஊர் சர்வருங்க உள்ள போய் மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றாங்க, எனக்கு ஒருத்தர் கூட முகம் சுளிச்சதில்ல.

4. நான் ஆர்டர் பண்றது

நார்த் இண்டியன்னா மஞ்சள் பாசிப்பருப்பு தால், தாளிப்பு இல்லாம, கூட வெண்ணெய் தடவாத ஃபுல்கா இல்லன்னா தந்தூரி ரொட்டி. அசைவத்துக்கு மலாய் டிக்கா, சுட்டதுங்கறதால எண்ணெய் கம்மி, க்ரீம்ல ஊறவைக்கறதால கொஞ்சமா சாப்பிடுவேன், ஆனா ஊறவைக்கறப்ப பச்சை மிளகாய் விழுது போட்டாங்களான்னு கேட்டுக்கோங்க, பக்கத்துல வர்ற புதினா சட்னியைத் தள்ளி வெச்சுடுங்க. புதினா வயித்துக்கு நல்லதுன்னு வீட்ல சொல்வாங்க, ஆனா அந்த வளையத் தசையைத் தளர விடறதுல புதினாவும் ஒண்ணு, எனக்கு புதினா லைம் குடிச்சாலே ஆரம்பிச்சுடும்.

கேரளா ஹோட்டல்னா எனக்குக் கண்ணை மூடிட்டு ஆப்பமும் வெஜிடபிள் ஸ்டூவும்தான். பச்சை மிளகாயைக் கீறி முழுசா போட்டிருப்பாங்க, எடுத்து ஒதுக்கிடலாம். தேங்காய்ப்பால்லயும் கொழுப்பு இருக்கு, ஒரு கிண்ணத்தோட நிறுத்திக்கறேன்.

டிபன்னா இட்லி, இடியாப்பம், செட் தோசை. வெண்பொங்கல் குழந்தைங்களுக்குக் கூடக் கொடுக்கறதாச்சேன்னு தோணும், ஹோட்டல் பொங்கல்ல நெய்யும் மிளகும் தாராளம், காலையில சாப்பிட்டா மதியம் வரைக்கும் வயித்துல கல்லு மாதிரி நிக்கும். ரவா தோசை எண்ணெய், மைசூர் மசாலால உள்ள சிவப்புச் சட்னி தடவறாங்க, ரெண்டும் வேண்டாம். சாம்பாரை இட்லி மேல ஊத்தாம தனியா வாங்கித் தொட்டுக்கோங்க.

மதிய மீல்ஸை நிறைய பேர் பயந்து விட்டுடறாங்க, எனக்கு அதுதான் இருக்கறதுலயே வசதி. பருப்பு, கூட்டு, பொரியல், கடைசியா மோர் சாதம்னு இலையிலேயே முக்கால் சாப்பாடு நமக்கானதா இருக்கு. வத்தக்குழம்பு, ரசம், அப்பளம், ஊறுகாயை விட்டா போதும். ரெண்டாவது தடவை சாதம் வாங்காதீங்க, வயிறு முட்ட சாப்பிட்டா இட்லிக்குக் கூட எரியும்.

5. குடிக்கறதுக்கு

வெதுவெதுப்பான தண்ணி. சோடா, கோலா வேண்டாம், கேஸ் வயித்தை உப்ப வெச்சு ஆசிட்டை மேல தள்ளும். நீர் மோர்ல பச்சை மிளகாயும் இஞ்சியும் தட்டிப் போடுவாங்க, வெறும் மோர்னு கேட்டு வாங்குங்க. ஃபில்டர் காபியை விட எனக்கே மனசு வரல, ராத்திரியில மட்டும் விட்டுட்டேன்.

அப்டேட்: ஆப்புல ஆர்டர் பண்ணும்போது "லெஸ் ஸ்பைசி"ன்னு நோட் போட்டும் காரமா வந்துச்சுன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. எனக்கும் அந்த நோட்டுல நம்பிக்கை இல்ல, கிச்சன்ல அதை யாராவது படிக்கறாங்களான்னு நமக்குத் தெரியாது. கடைக்கு நேரா போன் பண்ணிச் சொல்லிட்டு நடந்து போய் வாங்கிட்டு வர்றதுதான் எனக்குச் சரியா வருது. போன்ல சொல்ல முடியலன்னா மாத்தவே தேவையில்லாத இட்லி, இடியாப்பம், வெண்ணெய் தடவாத ஃபுல்கா மட்டும் போடுங்க.

இன்னொரு அப்டேட்: கல்யாணப் பந்தியில என்ன பண்றதுன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. பந்தியில கேக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. முதல் பந்தியிலேயே உக்காந்துடுங்க, நேரம் மிச்சம். பரிமாறும்போதே குழம்புக்குக் கையை நீட்டித் தடுத்துடுங்க, இலையில விழுந்துட்டா வீணாக்க மனசு வராம சாப்பிட்டுடுவோம்.

முக்கியமா இது: சாப்பிட்டப்புறம் நெஞ்சு எரிஞ்சா ஈனோ குடிச்சுட்டுப் படுத்துடறேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அவருக்கு பிபி வேற இருக்காம். ஈனோல சோடியம் நிறைய இருக்கு, பிபி இருக்கறவங்க தினமும் எடுக்கக்கூடாது, தயவுசெஞ்சு டாக்டரைப் பாருங்க சார். வாரத்துல ரெண்டு தடவைக்கு மேல எரிஞ்சாலோ, முழுங்கறப்ப அடைச்சாலோ, எடை தானா கொறைஞ்சாலோ, மலம் கறுப்பா போனாலோ மெனு மாத்தி சரி பண்ற விஷயம் இல்ல அது. நெஞ்சுல அழுத்தற மாதிரி வலி, வேர்வை, மூச்சு வாங்கறது, கைக்கோ தாடைக்கோ வலி பரவறதுன்னு இருந்தா கேஸ்னு நெனைச்சு உக்காந்திருக்காதீங்க, உடனே 108க்குக் கூப்பிடுங்க.