வேனின் இரண்டாவது பேட்டரி ஓட்டத்திலேயே நிறைய
கிருஷ்ணகிரியிலிருந்து ஒகேனக்கலுக்கு வேனில் போய் இரவு அதிலேயே தங்குபவர்கள், பின்னால் விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்திருக்கும் இரண்டாவது பேட்டரிக்கு மெல்லிய ஒயரை இழுத்துவிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பக்கம் 14.4 வோல்ட் காட்டினாலும், ஆறு மீட்டர் ஒயரைத் தாண்டிப் பின்னால் வரும்போது 13-க்குப் பக்கத்தில்தான் இருந்தது, பென்னாகரம் போய்ச் சேர்ந்தும் என் பேட்டரி பாதிகூட நிறையவில்லை. 16 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுங்கள். இரண்டு பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலும் ஃபியூஸ் கட்டாயம், தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். புது பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரே வோல்டேஜைக் குறைத்துவிடும், அதற்கு, குறைந்த வோல்டேஜையும் பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு ஏற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் சரி. அப்புறம், எஞ்சினை அணைத்ததும் இரண்டு பேட்டரிக்கும் இடையிலான இணைப்பு தானாகத் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.