பத்திரப் பதிவுக்கு முந்தைய பதினைந்து நாட்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டார், வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது. இனி நல்ல நாள் பார்ப்பதுதான் பாக்கி என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பெரிய தவறு, பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்று படிப்பது. டோக்கன் நேரம் நெருங்கிவிடும். ஆவண எழுத்தர் "எல்லாம் சரியா இருக்கு சார், கையெழுத்துப் போடுங்க" என்பார். வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கி, தாய்ப் பத்திரத்தையும் (விற்பவரிடம் உள்ள பழைய உரிமைப் பத்திரம்) பட்டாவையும் பக்கத்தில் வைத்து, சொத்து விவரத்தை வரிவரியாக ஒப்பிடுங்கள். சர்வே எண், உட்பிரிவு, அளவு, நான்கெல்லை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பழைய பத்திரத்தில் 'கிழக்கே பொதுப்பாதை' என்றிருந்தது புதியதில் 'கிழக்கே காலி மனை' என்று மாறியிருந்தால், வீட்டுக்குப் போகும் வழிக்கே வம்பு வரும். பிறகு திருத்த வேண்டுமானால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

அடுத்தது, விற்பவரின் பழைய கடன். "லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு" என்று வங்கிக் கடிதத்தைக் காட்டுவார். அது மட்டும் போதாது. அடமானம் பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணமும் பதிவாகி வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது பதிவான ஆவணங்களைக் காட்டும் சான்று) ஏறியிருக்க வேண்டும். கடன் இன்னும் பாக்கியென்றால், அந்தத் தொகைக்கான டிடியை அவருடைய கடன் கணக்கின் பெயரிலேயே எடுங்கள். கடன் முடிந்ததும் அசல் பத்திரங்களை வங்கி அன்றைக்கே எடுத்துத் தந்துவிடாது. அவை கைக்கு வராமல் பதிவுத் தேதி குறிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தின்போது எடுத்த வில்லங்கச் சான்றை நம்பியும் இருக்க வேண்டாம். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பதிவுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை பார்ப்பதில் என்ன கஷ்டம்?

செலவு விஷயம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. விலை, வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் கணக்கிடுவார்கள். 60 லட்சம் ரூபாய் பழைய வீட்டுக்கு இதுவே 5,40,000 ரூபாய். கட்டுநரிடமிருந்து நேரடியாக வாங்கும் புது அடுக்ககத்துக்குக் கணக்கு வேறு. கடன் தொகையில் இதைச் சமாளித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், கையிலிருந்துதான் போகும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டியது வாங்குபவரின் வேலை. முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரென்றால் இந்த 1% பொருந்தாது, ஆடிட்டரைக் கேளுங்கள்.

விற்பவருக்குப் பதிலாக, அவர் அதிகாரம் எழுதிக்கொடுத்த பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறாரா? பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடும். அதனால்தான் உயிர்வாழ் சான்று கேட்கிறார்கள். அதோடு நிற்காமல் பவர் கொடுத்தவரிடமே ஒரு தடவை வீடியோ காலில் பேசிவிடுங்கள்.

முகூர்த்த நாளில்தான் பதிவு என்று பிடிவாதம் இருந்தால் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். சர்வர் மக்கர் செய்தால் சாயங்காலம் வரை உட்கார வேண்டியதுதான். இரண்டு சாட்சிகளையும் அசல் அடையாள அட்டையோடு வரச்சொல்லுங்கள்.

சொத்து வரி ரசீது, கடைசி மின் கட்டண ரசீது, அடுக்ககமென்றால் பராமரிப்புப் பாக்கி இல்லை என்று சங்கம் தரும் கடிதம் எல்லாவற்றையும் டிடியைக் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால், அவர் காலி செய்த பிறகே பதிவு. "அடுத்த மாசம் போயிடுவாங்க" என்பதை நம்பிக் கையெழுத்துப் போட்டால், அவரைக் காலி செய்யவைப்பது உங்கள் தலைவலி.