பூசூக்கியா, ஆக்டேவ் மேண்டலினா? காசு போடுறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேண்டலின் கொஞ்சம் கைக்கு வந்ததும் அடுத்து "இதையே கனமான சத்தத்துல வாசிச்சா எப்படி இருக்கும்"னு ஒரு ஆசை வரும், எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. அப்ப கண்ணுல படுறது மேண்டலினைவிடப் பெருசா, கீழ் சுருதியில ஒலிக்கிற பூசூக்கியும் ஆக்டேவ் மேண்டலினும்தான். கடந்த சில மாசத்துல மட்டும் மூணு பேர் எங்கிட்ட புது வாத்தியத்தைத் தூக்கிட்டு வந்து "கை எட்ட மாட்டேங்குது, நான்தான் சரியா பழகலையோ"ன்னு கேட்டாங்க. மூணு பேரும் பண்ணது நான் அன்னைக்குப் பண்ண அதே தப்புதான். ட்யூனர் வாங்குங்க, ரொம்ப மலிவா இருந்தா யோசிங்கங்கிற கதையெல்லாம் இங்க எழுதப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

பேரை நம்பி வாங்குறது

இந்தக் குடும்பத்துல பேருங்கிறது சுத்தக் குழப்பம். அமெரிக்காவுல மேண்டோலான்னா சி-ஜி-டி-ஏ ட்யூனிங்ல (தடிமன் கம்பிலேர்ந்து மெல்லிசு கம்பி வரைக்கும் சுருதி வரிசை) இருக்குற வாத்தியம். பிரிட்டன்ல அதே பேரைச் சொன்னா பல பேரு ஆக்டேவ் மேண்டோலாவைத்தான் சொல்றாங்க, அதாவது அமெரிக்காக்காரங்க ஆக்டேவ் மேண்டலின்னு சொல்ற அதே சாமான், ஜி-டி-ஏ-ஈ, மேண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழ. போதாததுக்கு ஒரே மாதிரி உடம்பு உள்ள வாத்தியத்தை ஒரு தயாரிப்பாளர் பூசூக்கிங்கிறார், இன்னொருத்தர் சிட்டர்ன்கிறார். அதனால விளம்பரத்துல என்ன பேரு போட்டிருக்குன்னு பார்க்காதீங்க, கம்பி ஒலிக்கிற நீளம், அதாவது ஸ்கேல் நீளம் எவ்வளவுன்னு கேளுங்க.

ஸ்கேல் நீளத்தைக் கேக்காம வாங்குறது

இதுதான் என் காசையும் ஒரு வருஷத்தையும் முழுங்குன தப்பு, இன்னைக்கு நெனச்சாலும் எரிச்சல் வருது.

ஆக்டேவ் மேண்டலின் பொதுவா 20லேர்ந்து 23 இன்ச் ஸ்கேல். ஐரிஷ் பூசூக்கி 24லேர்ந்து 27 இன்ச் வரைக்கும் போகும். "அஞ்சு இன்ச்சுதானே, என்ன ஆகிடப் போகுது"ன்னுதான் நானும் நெனச்சேன். மேண்டலின்ல ஆள்காட்டி விரலை 2வது ஃப்ரெட்ல (கழுத்துக்குக் குறுக்க இருக்குற உலோகக் கட்டு) வெச்சு சுண்டு விரலால 7வது ஃப்ரெட்டைப் பிடிப்போம்ல, அந்த தூரம் மேண்டலின்ல சுமார் 8 சென்டிமீட்டர். 21 இன்ச் ஆக்டேவ் மேண்டலின்ல அதே தூரம் 12. 26 இன்ச் பூசூக்கியில 15. ஒரு அளவுகோலை எடுத்து மேசை மேல 15 சென்டிமீட்டர் குறிச்சு, இடது கையோட ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் அந்த ரெண்டு புள்ளியில வெச்சுப் பாருங்க, அதுவும் உள்ளங்கை கழுத்தைப் பிடிச்சிருக்குற மாதிரி வளைஞ்சிருக்கணும், அப்பதான் நான் சொல்றது புரியும்.

நான் வாங்குனது 26 இன்ச். எனக்குப் பிடிச்சது ரீல், ஜிக் மாதிரி வேகமான ஐரிஷ் நடன மெட்டு வாசிக்கிறது, கார்டு அடிக்கிறது இல்ல, ஆனா கடையில நின்னப்ப அந்த சத்தத்தோட நீளத்துல மயங்கிட்டேன், ஒரு தட்டு தட்டுனா ரொம்ப நேரம் மணி மாதிரி நிக்கும், அங்க நான் வாசிச்சுப் பார்த்ததும் நாலு கார்டுதான், ஒரு மெட்டுகூட வாசிச்சுப் பார்க்கல. வீட்டுக்கு வந்து மெட்டு எடுத்தா சுண்டு விரல் போய்ச் சேரவே இல்ல. பழகப் பழகச் சரியாகும்னு மாசக்கணக்கா இழுத்துப் பிடிச்சு மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

அத்தோட விட்டேனா? மேண்டலின் விரல் பழக்கம் மாறக்கூடாதுன்னு அதை ஜி-டி-ஏ-ஈ ஆக்குனேன், கையில இருந்த ஆக்டேவ் மேண்டலின் கம்பி செட்டையே மாட்டிட்டேன், தடிமன் 12ல ஆரம்பிச்சு 46ல (இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு) முடியுற செட்டு. குட்டை ஸ்கேலுக்குன்னு கணக்குப் பண்ணின கம்பி அது. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏத்துனா இழுவிசை நீளத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும், 21லேர்ந்து 26க்குப் போனா ஒன்றரை மடங்கு. ஒரு கம்பி இல்ல, எட்டுக் கம்பியும் ஒன்றரை மடங்கு. ரெண்டு மாசத்துல பிரிட்ஜுக்கு (உடம்பு மேல கம்பியைத் தாங்குற கட்டை) கீழ மேல்பலகை உள்வாங்கிருச்சு. உள்ள பலகையைத் தாங்குற பிரேஸ் ஒண்ணு விட்டுப்போயிருந்துச்சு. ரிப்பேர் செலவு வாத்தியம் வாங்குன விலையில பாதிக்குக் கிட்ட வந்துச்சு. வித்தவங்ககிட்ட "மெட்டு வாசிக்கத்தான் வாங்குறேன்"னு தெளிவாச் சொல்லித்தான் வாங்குனேன், ஒருத்தராவது நீளத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பூசூக்கி ஆளுங்க பெரும்பாலும் ஜி-டி-ஏ-டி வெச்சிருக்குறதுக்குக் காரணம் இருக்கு. மேல் கம்பி ஈ இல்லாம டின்னா ஒரு முழு ஸ்வரம் கீழ, அதே கம்பியில இழுவிசை அஞ்சுல ஒரு பங்கு குறையும். ஏவுக்கும் டிக்கும் நடுவுல இடைவெளியும் கம்மி, 5வது ஃப்ரெட் சுரம் அடுத்த கம்பியில சும்மாவே கிடைக்குது, அங்க 7வது ஃப்ரெட்டுக்குக் கையை நீட்ட வேண்டியதே இல்ல. கார்டு அடிக்கும்போது அந்த டி பின்னாடி சுருதியா நின்னுட்டே இருக்கும். பாட்டுக்குத் துணையா வாசிக்க இதைவிட அழகா ஒண்ணு இல்ல, மனசாரச் சொல்றேன்.

தூரத்துல இருக்குற வாத்தியம்னா விக்கிறவங்ககிட்ட நட்லேர்ந்து (கழுத்து முனையில கம்பி உக்காருற பட்டை) 12வது ஃப்ரெட் வரைக்கும் அளந்து சொல்லச் சொல்லுங்க, அதை ரெண்டால பெருக்குனா ஸ்கேல் நீளம்.

கிரேக்க பூசூக்கியும் ஐரிஷ் பூசூக்கியும் ஒண்ணுன்னு நெனைக்கிறது

1960கள்ல ஐரிஷ் இசைக்கலைஞர் ஜானி மொய்னிஹன் அயர்லாந்து இசைக்குள்ள கொண்டுவந்தது கிரேக்க பூசூக்கியைத்தான். அப்புறம் அங்க தட்டையான முதுகு, நாலு ஜோடி கம்பின்னு அது தனி வாத்தியமா ஆயிருச்சு. கிரேக்கத்துல இன்னைக்கு நாலு ஜோடின்னா சி-எஃப்-ஏ-டி, மூணு ஜோடின்னா டி-ஏ-டி, முதுகு தர்பூசணிப் பழத்தைப் பாதியா வெட்டுன மாதிரி உருண்டையா இருக்கும், மடியில நழுவும். ஆலெக் ஃபின் மாதிரி மூணு ஜோடி கிரேக்க பூசூக்கியிலயே ஐரிஷ் இசை வாசிச்ச மேதை உண்டு. ஆனா மேண்டலின் விரல் பழக்கத்தோட போற புது ஆளு சி-எஃப்-ஏ-டியில போய் நின்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து கத்துக்கணும்.

ஆக்டேவ் ஜோடியைப் பின்னாடி பார்த்துக்கலாம்னு விடுறது

பூசூக்கியில கீழ் ரெண்டு ஜோடியில ஒரு தடிமன் கம்பியும் ஒரு ஸ்தாயி மேல மெல்லிசு கம்பியும் போடுறது உண்டு. கார்டுக்குப் பளபளன்னு இருக்கும். மெட்டு கீழ இறங்குறப்ப மட்டும் அந்த மெல்லிசு கம்பி மேல குதிச்சுக் கேட்டு மெட்டையே உடைச்சிரும். மாத்திக்கலாம்தான், ஆனா மெல்லிசு கம்பிக்கு வெட்டுன நட் பள்ளத்துல தடிமன் கம்பி உக்காராது, அரம் போடணும். அகலமா வெட்டுன பள்ளத்துல மெல்லிசு கம்பி போட்டா இரையும்.

கம்பி முனையைப் பார்க்காம செட் வாங்குறது

கம்பி முனையில வளையமா (லூப்), குண்டா? டெயில்பீஸ், அதாவது கம்பி முனையை மாட்டுற உலோகத் தகடு, எதை ஏத்துக்கும்னு பார்த்துட்டு வாங்குங்க.

கைல தொட்டுப் பார்க்காம ஆர்டர் போடுறது

பூசூக்கி கிடைக்கலைன்னா ஒரு கிட்டாரைக் கடன் வாங்குங்க. நிறைய கிட்டார் 25.5 இன்ச் ஸ்கேல், கிட்டத்தட்ட பூசூக்கி. 2வது ஃப்ரெட்லயும் 7வது ஃப்ரெட்லயும் விரலை வெச்சுப் பாருங்க. அப்புறம் 3வது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போடுங்க, மிச்ச நீளம் 21.4 இன்ச், அது ஆக்டேவ் மேண்டலின். இப்ப 5லயும் 10லயும், அதாவது கேப்போவிலேர்ந்து எண்ணுனா அதே 2லயும் 7லயும், விரலை வெச்சுப் பாருங்க. எங்கிட்ட வந்த மூணு பேருக்கும் இதைத்தான் செஞ்சு காட்டுனேன், அதுல ஒரு பொண்ணு கேப்போ போட்டதும் வாயே திறக்காம தனக்குத் தெரிஞ்ச ஜிக் ஒண்ணை முழுசா வாசிச்சு முடிச்சிருச்சு.