காஞ்சிப் பட்டு எடுக்கும்போதும் எடுத்த பிறகும்: கடலூரில் நாம் செய்யும் தவறுகள்

திருவந்திபுரம் கோயிலில் ஒரு முகூர்த்தம் குறிக்கப்பட்டுவிட்டால், கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் வேன் பிடித்துக்கொண்டு காஞ்சிபுரம் புறப்படுவது இன்றும் வழக்கம். நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கி நிறம் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். புடவையின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் அரிது. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

காஞ்சிப் பட்டின் தனித்தன்மை கோர்வை. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்களை (குறுக்கு நூலான ஊடையைத் தறியில் கொண்டு ஓடும் கட்டைகளை) ஓட்டி, உடலின் ஊடை நூலும் கரையின் ஊடை நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும்படி நெய்வார்கள். இதற்கென்றே தறியில் நெசவாளியின் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். கோர்வை இல்லாத புடவையில் ஒரே ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடுவதால், அரக்குக் கரைக்குள் உடலின் பச்சை கலந்து நிறம் சற்றே மங்கித் தெரியும். மறுபக்கத்தில் உடலும் கரையும் சேரும் கோட்டை விரலால் தடவிப் பார்த்தால், கோர்வை மெல்லிய வரப்புப் போலத் தட்டுப்படும். கோர்வை இல்லாததும் நல்ல பட்டாகவே இருக்கலாம். ஆனால் கோர்வைக்கு உரிய விலையை அதற்குக் கொடுப்பது நஷ்டம்.

சில்க் மார்க் அட்டை தொங்குகிறது என்பதால் எல்லாம் சரி என்று எண்ணிவிடுவது அடுத்தது. மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004-இல் வந்த அந்த முத்திரை, நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. கையால் நெய்ததா, விசைத்தறியில் ஓட்டியதா, சரிகை எத்தகையது என்பவை பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கைத்தறிக்கு 2006-இல் வந்த முத்திரை வேறு. காஞ்சிபுரம் பட்டு பெற்றுள்ள புவிசார் குறியீடு வேறு.

சரிகையில்தான் ஏமாற்றம் அதிகம். பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் சரிகை. அதிலும் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. செம்புச் சரிகையும் கனக்கும் என்பதால், புடவை கையில் கனப்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாது. சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்று சொல்லும் பழைய சோதனையையும் நான் நம்புவதில்லை. போலிக்கும் சிவப்பு நூல் போடத் தெரியாதவர்களா? கடைக்காரர் “ப்யூர்” என்று வாயால் சொல்வது பெரும்பாலும் பட்டைத்தான். சரிகை என்ன வகை என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். தயங்கினால் அதுவே பதில்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் தவறுகள் நம் ஊருக்கே உரியவை. என் அத்தை தம் முகூர்த்தப் புடவையைக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு இரும்பு பீரோவில் வைத்து, நடுவே இரண்டு அந்துருண்டைகளையும் போட்டிருந்தார். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. இரண்டு ஐப்பசி மழை கழித்து எடுத்துப் பார்த்தபோது, மடிப்பு விழுந்த இடங்களில் சரிகை கத்தரிப்பூ நிறத்தில் கறுத்திருந்தது. உருண்டை பட்ட இடத்தில் வட்டமாக ஒரு கறை. போலியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அத்தை கடையைத் திட்டினார். ஆனால் அசல் வெள்ளியும் கறுக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிவதும் ஈரம் அதை விரைவுபடுத்துவதுமே காரணம். கறுத்ததைப் புளி போட்டோ பற்பசை போட்டோ தேய்த்தால், மிஞ்சியிருக்கும் முலாமும் போய்விடும்.

செண்ட்டைச் சரிகைமேல் அடிக்காதீர்கள். கட்டிய புடவையை வேர்வை ஈரத்தோடு மடித்து வைக்காமல், நிழலில் இரண்டு மணி நேரம் காற்றாட விட்டு, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். மழை விட்டதும், தை பிறந்த பிறகு ஒரு காய்ந்த நாளில் எடுத்து, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் ஒரு சாண் தள்ளி மடித்து வையுங்கள்.