சமன்பாட்டுக்குக் கீழே வரும் அந்த 'இங்கு'

மொரிஷியஸில் புயல் பருவம் வந்துவிட்டால் எல்லோர் வாயிலும் 120 என்ற எண்தான். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கினால் நான்காம் எச்சரிக்கை, அப்புறம் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. எங்கள் தெருவில் பொறியியல் படிக்கிற தம்பி ஒருவன் தகரக் கூரைக் கணக்கு ஒன்றை அறிக்கையாக எழுதிக்கொண்டு வந்தான். காற்றின் அழுத்தம் என்பது அரை பெருக்கல் காற்றின் அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். சமன்பாடு சரி. அதற்குக் கீழே "இங்கு, வி என்பது வேகம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அலகு இல்லை. அடர்த்திக்கு 1.2 போட்டு, ரேடியோவில் சொன்ன 120-ஐ அப்படியே உள்ளே தள்ளியதில் விடை 8640 பாஸ்கல். வினாடிக்கு மீட்டராக மாற்றினால் வேகம் 33.3, அழுத்தம் வெறும் 667 பாஸ்கல். ஏறக்குறைய 13 மடங்கு வித்தியாசம்! அந்தக் கணக்கை நம்பினால் கூரை போட முடியாது, கோட்டைதான் கட்ட வேண்டும்.

அதனால் முதல் தவறு அலகை விடுவது. படிப்பவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் எண்ணைப் போட்டு விடை காண வேண்டும், 'இங்கு' பகுதி இருப்பதே அதற்குத்தான். குறியீடு, பொருள், அலகு மூன்றும் இல்லையென்றால் அது அரைகுறை.

அடுத்து, அந்த 'இங்கு' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சமன்பாடு ஒரு வாக்கியத்தின் நடுப்பகுதி, அதன் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்துவிட்டு வாக்கியத்தைத் தொடர்கிறோம். லேடெக்கில், அதாவது கணிதம் நிறைந்த ஆவணங்களைக் கட்டளைகள் அடித்துத் தயாரிக்கும் மென்பொருளில், சமன்பாட்டை முடித்ததும் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு வெற்று வரி விடுவார்கள். லேடெக்குக்கு வெற்று வரி என்றால் புதிய பத்தி, ஆகவே 'இங்கு' உள்தள்ளிப் போய் நிற்கும், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதைப் பார்த்து முதலெழுத்தையும் பெரிதாக்கிவிடுவார்கள். வெற்று வரியை எடுத்துவிட்டால் போதும்.

வேர்டில் எழுதுகிறவர்களின் வியாதி வேறு. விளக்கங்கள் நேர்கோட்டில் நிற்க ஸ்பேஸ் பாரை இருபது தடவை தட்டுவது. எழுத்துரு மாறிய மறுநிமிடமே எல்லாம் கோணல்மாணல். கோடு தெரியாத, மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை ஒன்றைப் போடுங்கள், லேடெக்கிலும் அதுவே வழி. ஆனால் இரண்டே குறியீடுகளுக்கு அட்டவணை எதற்கு? வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடலாம். அப்புறம், விளக்கத்தில் சமக்குறி போடாதீர்கள். "வி = வேகம்" என்று எழுதினால் அது இன்னொரு சமன்பாடு போலத் தெரியும்.

எழுத்தின் சாய்வில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். சமன்பாட்டில் சாய்ந்து நிற்கும் குறியீடு பட்டியலில் நிமிர்ந்து நின்றால் கறாராகப் பார்க்கிறவருக்கு அது வேறு குறியீடு. சாய்ந்த 'எம்' நிறை, நிமிர்ந்த 'எம்' மீட்டர், இரண்டையும் குழப்பினால் யாருக்குப் புரியும்? குறியீட்டின் காலடியில் சிறிதாக வரும் கீழ்க்குறியிலும் இதே கதை. 'மேக்ஸ்' (max, உச்ச அளவு) என்பது ஒரு சொல், அது நிமிர்ந்துதான் வர வேண்டும். கணித முறையில் அப்படியே அடித்தால் லேடெக் அதை மூன்று தனித்தனி மாறிகளாக எடுத்துக்கொண்டு இடைவெளி விட்டு அச்சிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி தசமப் புள்ளி. அறிக்கை ஆங்கிலத்தில், பேச்சு கிரியோலில், பார்க்கிற கையேட்டில் பாதி பிரெஞ்சில். பிரெஞ்சில் 1.2 என்பதை 1,2 என்று எழுதுவார்கள். அப்படியானால் 1,200 என்பது ஆயிரத்து இருநூறா, ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைவா? எடை அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 2003-இல் தசமத்துக்குப் புள்ளி, காற்புள்ளி இரண்டும் செல்லும் என்றது, ஆனால் ஆயிரங்களைப் பிரிக்க இரண்டுமே கூடாது, சிறு இடைவெளி மட்டும்தான். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

பெரிய ஆவணத்தில் முன்பக்கம் ஒரு குறியீட்டுப் பட்டியல், ஒவ்வொரு சமன்பாட்டின் கீழும் ஒரு விளக்கம் என்று இருக்கும். இரண்டையும் கையால் எழுதினால் மூன்றாம் அத்தியாயத்துக்குள் இரண்டும் சண்டை போட ஆரம்பித்துவிடும். லேடெக்கில் குளோஸரீஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. குறியீட்டை ஒருமுறை வரையறுத்தால் எங்கே வேண்டுமானாலும் அழைக்கலாம். நடுவில் மேக்குளோஸரீஸ் நிரலை ஓட்ட மறந்தால் பட்டியலே வராது, 'கெட்டுப்போச்சு' என்று பதறாதீர்கள்.

பட்டியலின் வரிசையும் முக்கியம். ஒவ்வொரு குறியீடும் எந்த எழுத்தின் இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் வரிசைச் சாவியைத் தராவிட்டால் கிரேக்க எழுத்துகள் எல்லாம் தாறுமாறாக எங்கோ ஓரிடத்தில் போய்க் குவியும். வரிசையில் என்ன இருக்கிறது என்று மொரிஷியஸ் தமிழரிடம் மட்டும் கேட்காதீர்கள், 1998-இல் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்திருந்த தமிழைக் கீழே தள்ளி அச்சிட்டதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சமன்பாட்டின் கீழ் வரும் விளக்கத்துக்குத் தோன்றும் வரிசை, முன்பக்கப் பட்டியலுக்கு அகரவரிசை, அதிலும் கிரேக்க எழுத்துகள் தனியாக. நான் சொல்வது இதுதான்.

தம்பி மறுவாரம் திருத்திக்கொண்டு வந்தான். அட்டவணை, அலகு, காற்புள்ளி எல்லாம் கச்சிதம். அடர்த்திக்கான கிரேக்க 'ரோ' மட்டும் பட்டியலில் ஆங்கில 'பி' ஆகியிருந்தது. பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது அண்ணா என்கிறான்.