கிட்டி வைத்தும் எலி விழவில்லையா?

கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய எலிப்பொறி. கிட்டி வைத்தால் எலி விழும். விழவில்லை என்றால் முதலில் வைத்த காலத்தையும் இடத்தையும் சந்தேகிக்க வேண்டும். மூங்கிலையும் கயிற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் டெல்டாப் பக்கம் கிட்டி வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் குறைந்துவிட்டார்கள். மாலையில் கட்டாகத் தூக்கிவந்து வயலில் ஊன்றிவிட்டு, விடியலில் எலிகளை எண்ணிக் கூலி வாங்கிப்போகும் அந்த மனிதர்களை எல்லாக் கிராமத்திலும் இனி எதிர்பார்க்க முடியாது. அதனால் விவசாயிகளே, குறிப்பாக நகரத்து வேலையை விட்டு நிலத்துக்குத் திரும்பியிருக்கும் இளைஞர்கள், எலி பிடிக்க இறங்குகிறார்கள். அவர்களில் பலர் ஒரே மாதிரித் தவறுகளைச் செய்து, ஒரு பருவத்திலேயே மனம் சலித்து, கடைசியில் விஷத்துக்கோ மின்கம்பிக்கோ போய்விடுகிறார்கள். அங்கே போகவேண்டிய தேவையே இல்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பயிர் வெட்டுப்பட்ட பிறகு கிட்டியைத் தேடுவது

தவறுகளில் மிகப் பெரியது இதுதான். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து இதில் மட்டும் தவறினாலும் பலன் இருக்காது.

வயல் எலியின் இனப்பெருக்கம் நெற்பயிரின் வளர்ச்சியை ஒட்டியே நடக்கிறது. பயிர் தொண்டைக்கதிர் பருவத்துக்கு, அதாவது கதிர் வெளிவருவதற்கு முன் தண்டுக்குள் புடைத்து நிற்கும் நிலைக்கு, வரும்போது பெண் எலிகள் சினை பிடிக்கத் தொடங்குகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டிகள் சாதாரணம். அந்தக் குட்டிகளில் உள்ள பெட்டைகள் சுமார் மூன்று மாதத்தில் தாங்களும் ஈனத் தயாராகிவிடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: நடவு முடிந்த கையோடு பிடிக்கும் ஒரு பெட்டை எலி, அறுவடைக்கு முன் பிடிக்கும் பத்து எலிகளுக்குச் சமம்.

தாமதத்தில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. கதிர் பால் பிடித்துவிட்டால் வயல் முழுவதும் எலிக்கு விருந்து. கிட்டியில் நீங்கள் கட்டும் ஒரு பிடி நெற்பொரியை அது எதற்காகத் தேடிவர வேண்டும்? பயிர் இளசாக இருந்து தானியம் எங்குமே கிடைக்காத நாட்களில்தான் பொரிக்கு மதிப்பு.

எனவே வேலையைத் தொடங்கவேண்டிய நேரம் கோடை. தாளடி அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போது எலிகள் வாய்க்கால் கரைகளிலும் அகலமான வரப்புகளிலும் ஒதுங்கிவிடும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து தண்ணீர் வந்து சேர்வதற்குள் அந்த வளைகளை வெட்டிப் பிடித்துவிட்டால், குறுவையும் சம்பாவும் பாதிப் பாரம் குறைந்து தொடங்கும். வரப்பில் அண்டை வெட்டும்போதே, அதாவது வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் சீவும்போதே, வரப்பை ஒல்லியாக்கிவிடுங்கள். எலி குடும்பத்தோடு வளை தோண்ட அகலமான வரப்புதான் வசதி. ஆள் நடந்துபோகும் அளவுக்கு இருந்தால் போதும், மாட்டுவண்டி போகும் அளவுக்கு வேண்டாம். அதன் பிறகு நடவிலிருந்து தொண்டைக்கதிர் வரைக்குமான வாரங்கள்தான் கிட்டிக்கு உரிய காலம்.

வரப்பில் நின்றபடி கணிப்பது

வரப்பிலிருந்து பார்த்தால் பயிர் பச்சைப் பசேல் என்று தெரியும். எலி வெட்டோ நடுவயலில் இருக்கும். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே போய் மேய்வது எலியின் வழக்கம். திறந்த வரப்போரத்தில் ஆந்தையும் நாயும் அதைப் பார்த்துவிடும். உயரத்திலிருந்து பார்த்தால் நடுவில் வட்டமாக வழுக்கை விழுந்திருப்பது தெரியும். கீழே நிற்பவருக்கு அறுவடை அன்றுதான் தெரியவரும்.

காலை வெயில் ஏறுவதற்குள் வயலுக்குள் இறங்கி நடங்கள். எலி வெட்டிய தூர் சாய்வாக, கத்தியால் சீவியது போல இருக்கும். வெட்டிய தண்டுகள் தண்ணீரில் சிதறி மிதக்கும். சேற்றில் சிறிய காலடிகளும் பயிருக்கு நடுவே தேய்ந்த ஒரு தடமும் தெரியும். கிட்டி ஊன்றவேண்டியது அந்தத் தடத்தில்தான். எலி பெரும்பாலும் பழகிய பாதையில்தான் ஓடும். அதிலிருந்து நான்கு அடி தள்ளி வைத்த கிட்டி இரவு முழுவதும் சும்மா நிற்கும்.

நண்டையும் எலியையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நட்ட புதிதில் இளநாற்றைத் தரையோடு வெட்டிச் சாய்ப்பது பல இடங்களில் வயல் நண்டின் வேலை. வரப்பின் உள்பக்கம், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, ஈரம் படிந்து வழவழப்பாக இருக்கும் உருண்டைத் துளை நண்டுடையது. எலி வளையின் வாயில் புதிதாகத் தோண்டிய மண் குவிந்திருக்கும், பக்கத்தில் புழுக்கை கிடக்கும். நண்டு வளைக்கு முன் கிட்டி வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

எலி வளை என்று உறுதியானாலும் உள்ளே எலி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு எளிய சோதனை இருக்கிறது. மாலையில் கண்ணில் படும் வளை வாய்களை எல்லாம் மண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவைதான் உயிருள்ள வளைகள். ஆனால் திறந்திருந்தால்தான் எலி இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் வயல்களில் அதிகச் சேதம் செய்யும் கரம்பை எலி, பகலில் வளைவாயை உள்ளிருந்து மண்ணால் தானே அடைத்துக்கொள்ளும். புதிய, ஈரமான, பொடி மண்ணால் மூடிய வாய் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள்.

ஐந்து கிட்டியோடு ஒரு ஏக்கருக்குள் போவது

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 100 தஞ்சாவூர் கிட்டி. ஏக்கருக்கு 40. புதிதாக இறங்குபவர் ஐந்தோ ஆறோ வாங்கிவந்து, இரண்டு எலி விழுந்ததும் மகிழ்ந்து, பிறகு பயிர் தொடர்ந்து வெட்டுப்படுவதைப் பார்த்துத் திகைக்கிறார். மூங்கில் பத்தையும் கயிறும்தான் செலவு. கற்றுக்கொண்டால் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம்.

கிட்டியின் வேலை விசையில் இருக்கிறது. வளைத்துக் கட்டிய மூங்கிலின் இறுக்கம்தான் அதன் பலம். இரையை எலி இழுத்த நொடியில் வில் விடுபட்டுக் கயிறு கழுத்தில் இறுக வேண்டும். பத்தை காய்ந்து விறைத்துப்போனாலோ பல நாள் நனைந்து தளர்ந்துபோனாலோ இறுக்கம் குறையும். அரைகுறையாகப் பிடிபட்ட எலி துடித்துக்கொண்டே கிடக்கும், அல்லது காயத்தோடு தப்பும். கொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்காக வதைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாலையும் ஊன்றுவதற்கு முன் விரலுக்குப் பதில் ஒரு குச்சியால் விசையைத் தட்டிப் பாருங்கள். இரை தண்ணீர் மட்டத்துக்கு மேலே, எலி எட்டும் உயரத்தில் நிற்கட்டும். நனைந்து ஊறிய பொரியை எலி தேடி வராது.

விடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பகலில் விட்டுவைத்த கிட்டியில் எலி விழுவது அரிது. மைனாவும் அணிலும் கௌதாரியும்தான் விழும்.

முதல் நாளே விசையை ஏற்றுவது

எலி சந்தேகப் பிராணி. பழகிய இடத்தில் புதுப்பொருள் ஒன்று முளைத்தால் சில நாள் சுற்றிச் சுற்றி வரும், தொடாது. வீட்டிலும் களஞ்சியத்திலும் இருக்கும் எலியிடம் இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம். கூண்டை வைத்த அன்றே கதவை விசையேற்றி, அது விழவில்லை என்று மறுநாள் இடம் மாற்றி, அடுத்த நாள் இன்னோரிடம் மாற்றினால், எலியின் கண்ணுக்கு அது ஒவ்வோர் இரவும் புதுப்பொருளாகவே இருக்கும். இரண்டு மூன்று இரவு கூண்டைத் திறந்தே வைத்து, உள்ளே கருவாடோ சுட்ட தேங்காய்த் துண்டோ போட்டுத் தின்னப் பழக்குங்கள். பிறகு விசையை ஏற்றுங்கள். கூண்டு நடுக்கூடத்தில் இருக்கக் கூடாது. எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். மேல்தளத்திலும் உத்திரத்திலும் ஓடும் வீட்டெலிக்குத் தரையில் வைத்த கூண்டால் பயன் குறைவு.

கூண்டில் பிடித்ததைத் தெருமுனையிலோ அடுத்த ஊர் எல்லையிலோ விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அந்த எலி அடுத்தவர் வீட்டுக்குப் போகும், அல்லது உங்கள் வீட்டுக்கே திரும்பும். கூண்டோடு தண்ணீரில் அமுக்குவதும் வேண்டாம். அது நீண்ட வேதனை. பசை அட்டை அதைவிடக் கொடியது. எலி மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு சாகும். பல்லியும் சிட்டுக்குருவியும் கூட அதே அட்டையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல விசையுள்ள அடிபொறி ஒரே அடியில் முடித்துவிடும். வீட்டுக்கு அதுவே என் தேர்வு.

பொறியும் விஷமும் ஒரே வாரத்தில்

துத்தநாக பாஸ்பைடு கலந்த தீனியைக் கொஞ்சமாகத் தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலி, அந்தத் தீனியின் பக்கம் நெடுநாள் திரும்பாது. அதே பொரியைக் கிட்டியில் கட்டினால் அதையும் ஒதுக்கும். விஷம் வைத்தே ஆகவேண்டும் என்றால் வேளாண் அலுவலரைக் கேட்டு, தனியே, வேறு காலத்தில் செய்யுங்கள்.

விஷத்தின் பெரிய இழப்பு வேறு. விஷம் தின்று தள்ளாடும் எலியைத்தான் கூகை ஆந்தை எளிதாகப் பிடிக்கும், சாரைப்பாம்பு விழுங்கும், கீரி கவ்வும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷம் எலியின் உடலில் தங்கித் தின்ற உயிருக்கும் போய்ச் சேரும். இரவெல்லாம் கூலி கேட்காமல் வேலை செய்பவர்களை நாமே கொன்றுவிட்டு, மறுபருவம் இன்னும் அதிக விஷம் வாங்குகிறோம். வயலில் அங்கங்கே தென்னை மட்டையையோ மூங்கிலையோ ‘டி’ வடிவில் நட்டுவைத்தால் கூகை வந்து உட்கார்ந்து வேட்டையாடும். கதிர் முற்றும்போது அவற்றை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பகலில் தானியம் தின்னும் பறவைகள் உட்காரும்.

தனியாகச் செய்வது

உங்கள் வயலைச் சுத்தமாக்கிய பத்தாவது நாள் பக்கத்து வயலிலிருந்து எலி வந்து காலியான வளையில் குடியேறும். பக்கத்து வயல் முன்னதாக அறுவடையானால் அங்கிருந்த அத்தனையும் உங்கள் பயிருக்குள் வந்துவிடும். ஒரு வாய்க்காலில் பாயும் நிலம் முழுவதற்கும் ஒரே வாரத்தில் பொறி வைப்பது, தனித்தனியாகப் பருவம் முழுவதும் வைப்பதைவிடப் பலன் தரும். ஊரைக் கூட்டுவது கடினமான வேலை என்பது எனக்குத் தெரியும். குறைந்தது உங்கள் வயலைச் சுற்றியுள்ள நான்கு பேரிடமாவது சித்திரையிலேயே பேசிவிடுங்கள்.

வளை வெட்டிப் பிடிப்பதற்கு இருளர் பழங்குடியினருக்கு நிகர் யாரும் இல்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கங்களில் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தால் ஒன்று புரியும்: முதலில் சுற்றிலும் உள்ள தப்பும் வழிகளைத் தேடி அடைத்த பிறகுதான் மண்ணில் கடப்பாரையை இறக்குகிறார்கள். புதியவர்கள் பெரிய வாயைக் கண்டதும் தோண்டத் தொடங்கிவிடுகிறார்கள், எலி பின்வழியே போய்விடுகிறது. வளைக்குள் வெறும் கையை விடுவதும் புதியவர்கள் செய்வதுதான். எலி வளை நல்ல பாம்புக்கும் பிடித்த இடம். வரப்போரப் புல்லில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். டார்ச்சும் நீளக் கம்பும் இல்லாமல் இருட்டில் இறங்காதீர்கள். கடிபட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

எதைப் பிடிக்கிறோம் என்று பார்க்காமல் இருப்பது

எலி பிடிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்து முயலுக்கும் காட்டுப்பன்றிக்கும் கண்ணி வைக்கலாமே என்று தோன்றும். வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொறி வைப்பதும் கண்ணி வைப்பதும் வேட்டைதான். முயல், கீரி, உடும்பு, காட்டுப்பூனை, மயில் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கோழியைத் தூக்குகிறது என்பதற்காகக் காட்டுப்பூனைக்குக் கூண்டு வைத்தாலும் வழக்குதான். கோழிக்கூட்டை இரவில் சரியாக அடைப்பதே அதற்குத் தீர்வு. காட்டுப்பன்றி விஷயத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுட வழிசெய்வதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சுடும் பொறுப்பு வனத்துறையுடையது, நம்முடையது இல்லை.

மின்வேலி பற்றித் தயவுசெய்து யோசிக்கக்கூட வேண்டாம். எலிக்கும் பன்றிக்கும் என்று வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து நேரடியாக மின்சாரம் கொடுத்தவர்கள், விடியலில் தண்ணீர் பாய்ச்சப்போன தம் வீட்டாரையே இழந்த செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. எந்தப் பயிரும் அந்த விலைக்கு ஈடாகாது.

வெறும் கையால் தொடுவது

பிடித்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எண்ணுவது பழைய வழக்கம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் இருக்கும். தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியே உடம்புக்குள் போகும். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் அது செத்ததும் அடுத்த உடம்பைத் தேடும். செத்த எலிகளை வாய்க்காலில் வீசாமல் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். கிட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெற்றிலையோ தேநீரோ.

வேலை முடிந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடும் வலியும், கண் சிவப்பும் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். தொடக்கத்திலேயே பார்த்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் குணமாகும் நோய் இது. விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். மருத்துவர் கேட்பார் என்று காத்திருக்காமல், வயலில் எலி பிடித்தேன் என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்.