குளிர்காலப் பயணம்: ஒரே பாட்டை நாலு பேர் பாடக் கேட்பது எப்படி?

இசையமைப்பாளர் ஷூபெர்ட்டின் 'வின்டர்ரைசெ' ('குளிர்காலப் பயணம்') என்ற பாட்டுத் தொகுப்பை முதன்முதலாகப் போட்டுக் கேட்ட அன்று ஏழாவது பாட்டிலேயே தூங்கிவிட்டேன். ஒரு குரல், ஒரு பியானோ, புரியாத ஜெர்மன். அதுவும் எழுபது நிமிடத்துக்கு மேல். அப்புறம் பல மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்ப வந்தபோது ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே ஓர் இடத்தை நாலு பாடகர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அன்றைக்குத்தான் பிடிபட்டது. அந்த வழியை அப்படியே கீழே தருகிறேன். மேற்கத்திய இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. காதல் கைகூடாத ஒருவன், பனிக்கால இரவில் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பி நடக்கிறான். நடந்துகொண்டே இருக்கிறான். 24 பாட்டும் அவ்வளவுதான். கவிதைகள் வில்ஹெல்ம் ம்யுல்லருடையவை. ஃப்ரான்ஸ் ஷூபெர்ட் 1827 பிப்ரவரியில் முதல் 12 கவிதைகளுக்கு இசையமைத்தார், அதோடு முடிந்தது என்றே நினைத்தார். மீதி 12 பிறகுதான் கைக்கு வந்தது. அவற்றை அதே ஆண்டு இறுதியில் சேர்த்தார். 1828 நவம்பர் 19 அன்று 31 வயதில் அவர் இறந்தார். கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தபடி இரண்டாம் பகுதியின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

நண்பர்களுக்கு முதலில் இவற்றைப் பாடிக் காட்டியபோது எல்லோரும் திகைத்துப்போனார்களாம். 'லிண்டன் மரம்' என்ற ஒரு பாட்டுதான் பிடித்தது என்றாராம் ஒருவர். நண்பர் யோசெஃப் ஃபான் ஷ்பவுன் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே உங்களுக்கும் முதலில் பிடிக்காமல் போனால் கவலைப்பட வேண்டாம், ஷூபெர்ட்டின் நண்பர்களுக்கே அதுதான் கதி.

படி 2: ஹெட்போன்

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பியானோவின் கீழ்ச் சுரங்கள் காணாமல் போய்விடும், கடைசிப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பாட்டு வரிகளின் மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் பாட்டில் ஒரே ஓர் இடம்

பாட்டின் பெயர் 'கூட்டே நாஹ்ட்', அதாவது 'நல்லிரவு'. தொடக்கத்தில் பியானோ மட்டும். ஒரே சீரான தட்டல், நடக்கிற கால்கள் மாதிரி. அந்த நடை பாட்டு முடியும்வரை நிற்பதில்லை. நாலு சரணம். முதல் இரண்டுக்கும் ஒரே மெட்டு, மூன்றாவதில் கொஞ்சம் கோபம் ஏறுகிறது. மூன்று சரணமும் மைனரில், அந்தச் சோகச் சாயலில்.

நாலாவது சரணம்தான் நாம் காத்திருக்கும் இடம். 'உன் கனவைக் கலைக்க மாட்டேன், உன் தூக்கம் கெடக் கூடாது' என்று அவன் சொல்லத் தொடங்கும்போது பாட்டு மேஜருக்கு, அந்த வெளிச்சமான சாயலுக்கு, மாறுகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இதைச் சொல்வது எளிது: இதுவரை சாதாரண காந்தாரத்தில் தொடங்கி இறங்கிய மெட்டு, இப்போது அந்தர காந்தாரத்தில் தொடங்கி இறங்குகிறது. அரைப்படி வித்தியாசம். மெல்லக் கதவைச் சாத்துகிறான், போகிற போக்கில் வாயிற்கதவில் 'நல்லிரவு' என்று எழுதுகிறான். 'உன்னை நினைத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள' என்ற கடைசி வரியைத் திரும்பச் சொல்லும்போது மறுபடியும் மைனர். மேஜரில் கிடைத்த இதம் அத்தோடு போயிற்று.

இந்தச் சரணத்தை மட்டும் ஐந்தாறு முறை கேளுங்கள். எல்லாம் அந்த அரைப்படியில் இருக்கிறது. மாறப்போகும் இடத்தில் பியானோக்காரர் கொஞ்சம் தயங்குகிறாரா, அதே நடையில் போய்விடுகிறாரா? பாடுகிறவர் குரலை இறக்கித் தூங்குகிறவளை எழுப்பாமல் பாடுகிறாரா, இல்லை தனக்குத்தானே பேசிக்கொள்கிறாரா?

படி 4: நாலு பதிவுகள்

இப்போது அதே சரணத்தை இந்த நாலிலும் கேளுங்கள். வரிசையும் முக்கியம்.

முதலில் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ், ஜெரால்ட் மூர் பியானோ, 1971. ஃபிஷர்-டீஸ்காவ் இந்தத் தொகுப்பைப் பல தடவை பதிவு செய்தவர். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும், ஜெர்மன் தெரியாவிட்டாலும் எந்தச் சொல்லில் அழுத்தம் என்று தெரிந்துவிடும். பாடம் கற்க இதைவிட நல்ல பதிவு இல்லை. ஆனால் சில இடங்களில் வாத்தியார் விளக்கிச் சொல்வதுபோல எனக்குப் படும்.

அடுத்து ஹான்ஸ் ஹோட்டர், அதே மூர், 1954. ஹோட்டருடையது கனத்த கீழ்க்குரல். ஷூபெர்ட் டெனர் குரலுக்கான, அதாவது ஆண்களின் மேல்குரலுக்கான சுருதியில் எழுதியதை இவரைப் போன்ற கீழ்க்குரல்காரர்கள் இறக்கிப் பாடுகிறார்கள். குரலோடு பியானோவும் இறங்கும் என்பதைக் கவனியுங்கள். அதே சுரக்கோவைகள் இங்கே இருட்டாக, கொஞ்சம் புகைந்து கேட்கும்.

மூன்றாவது பீட்டர் பியர்ஸ், பெஞ்சமின் பிரிட்டன் பியானோ, 1963. டெனர் குரல். பியர்ஸின் குரல் எல்லோருக்கும் ஒத்துவராது, எனக்கும் முதலில் ஒத்துவரவில்லை. ஆனால் பியானோவில் இருப்பவர் தானே பெரிய இசையமைப்பாளர். குரலை மறந்துவிட்டு அவர் விரல்களை மட்டும் ஒரு முறை கேளுங்கள்.

நாலாவது பிரிகிட்டே ஃபாஸ்பெண்டர், அரிபெர்ட் ரைமன் பியானோ, 1988. ஆண் பாடும் கதையைப் பெண் பாடலாமா என்ற கேள்வி பழையது. பாடகி லோட்டே லேமன் 1940, 41லேயே பாடிப் பதிவு செய்துவிட்டார். ஃபாஸ்பெண்டர் அழகாகப் பாட முயல்வதே இல்லை, காயம்பட்ட ஆள் மாதிரி பாடுகிறார். என் ஓட்டு இவருக்குத்தான்.

இன்னும் பசி இருந்தால் கிறிஸ்டோஃப் ப்ரேகார்டியனும் ஆண்ட்ரியாஸ் ஸ்டையரும் செய்த 1996 பதிவைத் தேடுங்கள். அதில் ஷூபெர்ட் காலத்து ஃபோர்ட்டெபியானோ. இன்றைய பியானோவைவிட ஒலி மெலிது, சீக்கிரம் அடங்கிவிடும். அந்த நடையில் பனி நொறுங்குவது கேட்கும்.

படி 5: கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள்

நடுவில் இருபத்திரண்டு பாட்டு கிடக்கட்டும். 24ஆவது, 'டெர் லையர்மன்'. லையர் என்பது கைப்பிடியைச் சுற்றி வாசிக்கும் தெருவாத்தியம். உள்ளே ஒரு சக்கரம் தந்திகளை உரசிக்கொண்டே இருக்கும், சில தந்திகள் மாறாமல் ஒரே சுருதியில் ஒலிக்கும். ஊர் எல்லையில் ஒரு கிழவர் பனிக்கட்டியின்மேல் வெறுங்காலோடு நின்று அதை வாசிக்கிறார். தட்டில் காசு இல்லை, நாய்கள் உறுமுகின்றன.

பியானோவின் இடக்கை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இரண்டு சுரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: ச, ப. சுருதிப்பெட்டிதான், வேறென்ன! முதல் இரண்டு தடவை மட்டும் அதற்கு முன்னால் ஒரு சின்ன உரசல் சுரம் வந்து விழும், சக்கரம் சுற்றத் தொடங்கும்போது சுருதி சேராததுபோல. இதைத்தான் ஃபோன் ஸ்பீக்கர் தின்றுவிடும். சிலர் அந்த உரசலை அழுத்தி வாசிக்கிறார்கள், சிலர் வந்ததே தெரியாமல் கடந்துவிடுகிறார்கள்.

கடைசியில் அவன் கிழவரிடம் கேட்கிறான்: 'விசித்திரக் கிழவரே, நானும் உம்மோடு வரட்டுமா? என் பாட்டுகளுக்கு உம் வாத்தியத்தைச் சுற்றுவீரா?' இதற்குப் பதில் இல்லை. பியானோ ஒரு முறை உரக்க எழுந்து, அடங்கிவிடுகிறது. நாலு பேரும் இந்தக் கேள்வியை நாலு விதமாகக் கேட்கிறார்கள். நிஜமாகவே பதில் எதிர்பார்ப்பவர் யார் என்று நீங்களே கண்டுபிடியுங்கள், நான் சொல்லப்போவதில்லை.

படி 6: இப்போது முழுதாக

முதலும் கடைசியும் காதில் ஏறியபின் நடுப்பகுதி தானாகத் திறக்கும். வழியில் 'லிண்டன் மரம்' பாட்டில் இலைச் சலசலப்பு, 13ஆவது பாட்டில் தபால் வண்டியின் குதிரைக் குளம்படியும் கொம்பும். 'விடுதி' என்ற பாட்டில் அவன் அறை கேட்டுப் போவது ஒரு இடுகாட்டுக்கு, அங்கேயும் இடமில்லை.

ஒரே மூச்சில், வரிசை மாற்றாமல் கேளுங்கள், ஷஃபிளை அணைத்துவிட்டு. விளம்பரம் வராத வழியிலும் கேளுங்கள். 'விடுதி' முடிந்த அந்தக் கணத்தில் எனக்கு ஒரு முறை நகைக்கடன் விளம்பரம் வந்தது. அடுத்த பாட்டைச் செயலி தானாகப் போடும் வசதியையும் மறக்காமல் நிறுத்திவையுங்கள். கிழவரின் சக்கரம் நின்ற அடுத்த நொடி குத்துப்பாட்டு வந்தால் நான் பொறுப்பல்ல.